மடுவனாரின் மிகக் கடினமான வாக்கு

மருதமரக் காட்டின் நடுவே ஓடிய ஆற்றில் ஒரு மடு இருந்தது. அந்த மடுவில் ஒரு நீர்நாய் குடியிருந்தான். மடுவன் என்பது அவன் பெயர்.

ஆற்றை அவனைப் போல் அறிந்தவர் அந்தக் காட்டில் வேறு யாரும் இல்லை. எந்தப் பாறைக்கடியில் கெளுத்தி பதுங்கும், எந்தத் திருப்பத்தில் சுழி இழுக்கும், மலையில் மழை கொட்டினால் இங்கே தண்ணீர் எப்போது சிவக்கும், எல்லாம் அவனுக்குத் தெரியும். தெரிந்ததைத் தெரிந்தபடியே சொல்லுவான். இளவயதில் அவனுக்கு வந்த வம்பு அதுதான்.

ஓர் ஐப்பசியில் தண்ணீரின் நிறம் மாறுவதைப் பார்த்தான். கரையில் கிழங்கு தோண்டிக்கொண்டிருந்த காட்டுப்பன்றிகளிடம் ஓடினான். வெள்ளம் வருகிறது, குட்டிகளைக் கூட்டிக்கொண்டு மேட்டுக்குப் போய்விடுங்கள் என்றான். பன்றிகள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. மீன் தின்கிறவனுக்கு மழையைப் பற்றி என்ன தெரியும் என்று ஒரு கிழப்பன்றி உறுமியது. வெள்ளம் வந்தது. பன்றிக்குட்டிகளை அடித்துக்கொண்டு போனது. மறுநாள் பன்றிகள் கூடிப் பேசின. இந்த நீர்நாயின் கருநாக்குதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று முடிவு செய்தன. அதன் பிறகு மடுவன் தலை தெரிந்தாலே மண்ணை வாரி இறைத்தன.

அடுத்த ஆண்டு அதே கிழப்பன்றி வெட்கமில்லாமல் வந்து நின்றது. இந்த வருஷமும் வெள்ளம் வருமா என்று கேட்டது. மடுவனுக்கு வயிறு எரிந்தது.

“வெள்ளம் வருமா என்று நீ கேட்கிறாய். நீ வருவாயா என்று வெள்ளம் கேட்கிறது” என்று சொல்லிவிட்டுத் தண்ணீருக்குள் போய்விட்டான்.

அதற்கு அர்த்தம் ஒன்றும் கிடையாது. கடுப்பில் வாயில் வந்தது, அவ்வளவுதான். ஆனால் பன்றி அங்கேயே நின்றது. மூக்கில் ஒட்டிய சேற்றைத் துடைக்கக்கூட மறந்து நின்றது. பிறகு மெதுவாக நடந்து போய்த் தன் கூட்டத்திடம் அதைச் சொன்னது. கூட்டம் மான்களிடம் சொன்னது. மான்கள் மயில்களிடம் சொல்லின. பொழுது சாய்வதற்குள் காடு முழுவதும் அந்தப் பேச்சுதான். யாருக்கும் புரியவில்லை. புரியாததால் அது பெரிய சொல்லாகத்தான் இருக்கவேண்டும் என்று எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள்.

அன்று முதல் மடுவைத் தேடி ஆள் வர ஆரம்பித்தது. மடுவன் மடுவனார் ஆனான்.

அந்த மரியாதை அவனுக்கு இனித்தது. நேராகச் சொன்ன நாளில் மண்ணை வாரி இறைத்தவர்கள், வளைத்துச் சொன்னதும் தலையைத் தாழ்த்துகிறார்கள். அப்படியே இருக்கட்டும் என்று நினைத்தான். யாராவது ஏதாவது கேட்டால், சொல்லவேண்டியதை முதலில் மனத்துக்குள் நேராக வைத்துக்கொள்வான். பிறகு அதன் வாலைத் தலையிலும் தலையை வாலிலும் ஒட்டி வெளியே விடுவான். உள்ளே உண்மை இருக்கும். அதை எடுப்பது கேட்டவர் பாடு. எடுக்க முடியாமல் அவர்கள் திணறுவதைப் பார்க்கையில், அந்தப் பழைய மண் தன் முகத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கழுவப்படுவதுபோல் இருந்தது அவனுக்கு.

மடுவின் கரையில் ஒரு பெரிய மருதமரம் நின்றது. அதில் செவ்வாலன் என்ற மலை அணில் வசித்தான். அழகான குரல் அவனுக்கு. நாள் முழுக்கக் கிளையில் படுத்துக்கொண்டு கீழே நடப்பதைக் கேட்பான். ஒருநாள், மடுவனார் சொன்னது புரியாமல் தலையைச் சொறிந்துகொண்டு போன ஒரு முயலைக் கூப்பிட்டு, அதற்கு இதுதான் பொருள் என்று தன் மனம்போல் ஒன்றைச் சொன்னான். முயலுக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. நாவல்பழம் கொண்டுவந்து மரத்தடியில் வைத்துவிட்டுப் போனது.

அப்புறம் அதுவே வழக்கமாகிவிட்டது. மடுவனாரிடம் கேட்பது, மரத்தடிக்கு வருவது, செவ்வாலனிடம் பொருள் கேட்பது, பழத்தை வைப்பது. செவ்வாலன் சொல்வது பெரும்பாலும் தப்பு. மடுவனுக்கு அது தெரியும். ஆனாலும் திருத்தவில்லை. தன் சொல்லை யாராலும் பிடிக்க முடியவில்லை என்பதில் அவனுக்கு ஒரு கர்வம் இருந்தது.

அந்தக் காட்டில் கொன்றை என்ற புள்ளிமான் இருந்தாள். அந்த ஆண்டுதான் முதல்முறையாகக் குட்டி போட்டிருந்தாள். அக்கரையில் புல் தளிர்த்திருந்தது. அவளுக்குப் பால் வற்றிக்கொண்டு வந்தது. ஒரு காலைப்பொழுதில் குட்டியோடு ஆற்றங்கரைக்கு வந்து, எந்த இடத்தில் கடந்தால் நல்லது என்று மடுவனிடம் கேட்டாள்.

மடுவனுக்குப் பதில் தெரியும். மேலே சலசலவென்று ஓடுகிற இடத்தில் முழங்கால் அளவுதான் தண்ணீர். கீழே சத்தமில்லாமல் தேங்கி நிற்கிற இடத்தில் ஆழம் அதிகம். அடியில் முதலை கிடந்தது. இதைச் சொல்ல ஒரு மூச்சு போதும்.

ஆனால் கரையில் மயில்கள் நின்றுகொண்டிருந்தன. தன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தன.

“ஆறு உறங்கும் இடத்தில் அது விழித்திருக்கிறது” என்றான் மடுவன்.

மயில்கள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. கொன்றை கொஞ்ச நேரம் யோசித்தாள். குட்டி பசியால் முனகியது. மரத்தடிக்குப் போய்க் காத்திருக்க அவளுக்குப் பொறுமை இல்லை. ஆறு உறங்குகிற இடம் என்றால் அமைதியான இடம். விழித்திருக்கிறது என்றால் காவல் காக்கிறது. அவளுக்குப் புரிந்துவிட்டது. நன்றி சொல்லிவிட்டு, தண்ணீர் தேங்கி நின்ற பக்கம் போனாள். மடுவன் அதற்குள் தண்ணீரில் மூழ்கிவிட்டிருந்தான். சொல்லி முடித்தவுடன் மறைந்துபோவது அவன் பழக்கம். அது பார்ப்பவர்களுக்குப் பிடித்திருந்தது.

அவன் மறுபடி தலை தூக்கியபோது கொன்றை மட்டும் அக்கரையில் நின்றிருந்தாள். ஆறு சத்தமில்லாமல் தேங்கி நின்றது. அவள் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அன்று மாலை மரத்தடியில் பெரிய கூட்டம் கூடியது. செவ்வாலன் துக்கத்தோடுதான் பேசினான். வாக்கில் பிழை இல்லை, ஐயா எச்சரித்துத்தான் இருக்கிறார் என்றான். பொருள் கேட்காமல் தானாகவே புரிந்துகொண்டதுதான் அந்தத் தாய் செய்த தவறு என்றான். அதைக் கேட்டுக் கொன்றை தலையைக் குனிந்துகொண்டாள். என் புத்திதான் என் பிள்ளையைத் தின்றது என்று அவள் மற்ற மான்களிடம் சொன்னாள்.

மடுவன் ஒரு பாறைக்குப் பின்னால் இருந்து எல்லாவற்றையும் கேட்டான். எழுந்து போய், அம்மா, தவறு என்னுடையது, நான் நேராகச் சொல்லியிருக்க வேண்டும் என்று சொல்ல நினைத்தான். ஓர் அடி எடுத்தும் வைத்தான். கூட்டம் முழுவதும் தன்னைப் பார்க்கும் என்று நினைத்தபோது கால் நின்றுவிட்டது. அவன் தண்ணீருக்குத் திரும்பிப் போனான்.

ஆனால் அதன் பிறகு அவனுக்கு மீன் இறங்கவில்லை. கண்ணை மூடினால் அந்தக் குட்டியின் முனகல் கேட்டது. இனிமேல் நேராகத்தான் பேசுவது என்று முடிவு செய்தான்.

சொல்வது எளிதாக இருந்தது. கேட்கத்தான் யாரும் இல்லை. மிளா என்ற பெரிய காட்டுமான் ஒன்று வந்து, ஐயா நலமா என்றது. பல்வலி, அதனால் சாப்பிட முடியவில்லை என்றான் மடுவன். மிளா மெய்சிலிர்த்துப் போய் மரத்தடிக்கு ஓடியது. பல் என்பது கோபம், உணவு என்பது உலகம், கோபம் உள்ளவனால் உலகை அனுபவிக்க முடியாது என்று செவ்வாலன் விளக்கினான். கூட்டம் தலையாட்டியது. பல்வலிக்கு மருந்து சொல்ல ஒருவரும் வரவில்லை.

மடுவன் நேரே மருதமரத்தடிக்குப் போனான். செவ்வாலனைக் கீழே இறங்கச் சொன்னான். நான் சொல்வதற்கு நான் சொல்வதுதான் அர்த்தம், வேறு எதுவும் இல்லை, இதை எல்லாரிடமும் சொல்லிவிடு என்றான்.

செவ்வாலன் பணிவாகக் கேட்டுக்கொண்டான். பிறகு குரலைத் தாழ்த்தினான்.

“ஐயா, உங்கள் வாக்குக்கு என்ன பொருள் என்று காட்டுக்குத் தெரிந்துவிட்டது. இனி அதை மாற்ற உங்களாலும் முடியாது.”

“அது பொய்.”

“இருக்கட்டுமே. நீங்கள் உண்மையை நேராகச் சொன்னீர்களே, அந்தக் காலத்தில் யார் கேட்டார்கள்?”

மடுவன் தண்ணீருக்குத் திரும்பினான்.

காலம் போனது. கொன்றை மறுபடி ஒரு குட்டி ஈன்றாள். அதை ஒரு கணமும் பிரியாமல் வளர்த்தாள். எதற்கும் செவ்வாலனைக் கேட்காமல் ஓர் அடி எடுத்துவைக்க மாட்டாள்.

அந்த ஆண்டு கோடை கடுமையாக இருந்தது. ஆறு அறுந்து குட்டை குட்டையாக நின்றது. மருதமரத்தடி மடுவிலும், பாறைகளுக்கு மேலே தொலைவில் இருந்த மேல்மடுவிலும்தான் தண்ணீர் மிஞ்சியது. ஒருநாள் மடுவன் மேல்மடுவுக்கு மீன் பிடிக்கப் போயிருந்தான். அந்த நேரத்தில் மனிதர்கள் சிலர் கீழே வந்தார்கள். ஒரு தகர டப்பாவைத் திறந்து வெள்ளையாக எதையோ மடுவில் ஊற்றினார்கள். மீன்கள் வயிற்றைக் காட்டிக்கொண்டு மேலே வந்தன. பெரிய மீன்களைச் சாக்கில் அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள்.

மடுவன் திரும்பி வரும்போதே காற்றில் அந்த வாடை வந்தது. அந்த வாடையை அவன் மறந்ததே இல்லை. ஆற்றின் கீழ்ப்பகுதியில் அவன் குட்டியாக இருந்தபோது இதே வாடை வந்தது. அவன் தாயும் கூடப்பிறந்தவர்களும் ஒரே நாளில் செத்தார்கள். அதன் பிறகுதான் அவன் தனியாக நீந்தி இந்த மடுவுக்கு வந்து சேர்ந்தான்.

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. மான்களும் பன்றிகளும் மிளாக்களும் நாக்கு வறண்டு மடுவை நோக்கி வந்துகொண்டிருந்தன. மடுவன் ஓடிப்போய் வழியின் குறுக்கே நின்றான்.

“இந்தத் தண்ணீரைக் குடிக்காதீர்கள். விஷம் கலந்திருக்கிறது. குடித்தால் செத்துப்போவீர்கள். மேல்மடுவுக்குப் போங்கள்.”

எல்லாரும் நின்றுவிட்டார்கள். நீண்ட காலத்துக்குப் பிறகு ஐயா வாக்குச் சொல்லியிருக்கிறார். அதுவும் தானாகவே வந்து சொல்லியிருக்கிறார். பன்றிகள் மண்டியிட்டன. மிளா கண்ணை மூடிக்கொண்டு, ஒரு சொல்லும் சிந்திவிடாமல் அதை மனத்தில் பதித்துக்கொண்டது.

மடுவன் ஒவ்வொருவர் முகத்துக்கு நேராகவும் போய்ச் சொன்னான். தண்ணீர் என்றால் தண்ணீர்தான், இதோ இந்தத் தண்ணீர்தான் என்று காலால் தட்டிக் காட்டினான். மிதந்த ஒரு குஞ்சு மீனைக் கவ்விக்கொண்டு வந்து அவர்கள் முன்னால் போட்டான். அவர்கள் அந்த மீனைச் சுற்றி நின்று பயபக்தியோடு பார்த்தார்கள்.

கடைசியில் அவன் கொன்றையிடம் போனான். அவள் பின்னால் குட்டி ஒண்டிக்கொண்டு நின்றது.

“அம்மா, நீயாவது கேள். இதில் பொருள் எதுவும் இல்லை. தண்ணீரில் விஷம் இருக்கிறது. பிள்ளையைக் கூட்டிக்கொண்டு மேலே போ.”

கொன்றை அவனை மரியாதையோடுதான் பார்த்தாள். ஆனால் குட்டியை இன்னும் பின்னால் தள்ளிக்கொண்டாள்.

“ஐயா, போன தடவை உங்கள் வாக்கை நானாகவே புரிந்துகொண்டேன். பிள்ளையைக் கொடுத்தேன். இந்தத் தடவை கேட்டுவிட்டு வருகிறேன்.”

இதற்கு மடுவன் என்ன சொல்லுவான்? அவள் அவனைச் சுற்றிக்கொண்டு மருதமரத்தை நோக்கி நடந்தாள். மற்றவர்களும் அவள் பின்னால் போனார்கள்.

செவ்வாலன் கிளைநுனிக்கு வந்து எல்லாவற்றையும் கவனமாகக் கேட்டான். இதுவரை வந்த வாக்குகளிலேயே இதுதான் கடினமானது என்று முதலில் சொன்னான். மேலோட்டமாகப் பார்த்தால் குழந்தைக்கும் புரிவதுபோல் இருக்கும், அதில்தான் ஆபத்து என்றான். தண்ணீர் என்பது ஆசை. குடிப்பது என்பது பற்று. விஷம் என்பது பற்றினால் வரும் துன்பம். மேல்மடு என்பது மனத்தின் உயர்ந்த நிலை. ஐயா நம்மைப் பாறை ஏறச் சொல்லவில்லை, மனத்தால் ஏறச் சொல்கிறார்.

அப்படியானால் இப்போது குடிக்கலாமா என்று ஒரு பன்றி கேட்டது. அதற்குத் தொண்டை காய்ந்து குரலே எழும்பவில்லை.

“தாராளமாகக் குடியுங்கள். ஆனால் பற்றில்லாமல் குடியுங்கள்” என்றான் செவ்வாலன்.

அவன் ஆற்றுத் தண்ணீரைக் குடிப்பவன் அல்லன். பழமும் இலையில் தங்கும் பனியும் அவனுக்குப் போதும்.

எல்லாரும் மடுவுக்கு வந்தார்கள். மடுவன் கரையில் குறுக்கும் நெடுக்குமாக ஓடினான். கத்தினான், கடித்தான், தள்ளினான். அவனுடைய சிறிய உடம்பால் ஒரு பன்றியைக்கூடத் தடுக்க முடியவில்லை. அவர்கள் அவனை மிதிக்காமல் பார்த்துத் தாண்டிப் போனார்கள். குனிந்து, கண்களை மூடி, பற்றில்லாமல் குடித்தார்கள். குடித்தவுடன் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அதைப் பார்த்துத் தயங்கி நின்றவர்களும் இறங்கினார்கள்.

கொன்றை குட்டியைக் கரையிலேயே நிற்கச் சொன்னாள். முதலில் தான் குடித்துப் பார்த்துவிட்டுக் கூப்பிடுவதாகச் சொன்னாள். அவள் தாய். அவள் அப்படித்தான் செய்வாள். குடித்து முடித்துக் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு திரும்பிக் குட்டியைக் கூப்பிட்டாள்.

குட்டி துள்ளிக்கொண்டு ஓடியது. மடுவன் பாய்ந்து அதன் பின்னங்காலைக் கவ்வினான். எலும்பு வரை பல் இறங்கியது. குட்டி அலறியது. கொன்றை ஓடிவந்து குளம்பால் அவன் முதுகில் மிதித்தாள். அவன் விடவில்லை. இன்னொரு முறை மிதிக்கக் காலைத் தூக்கினாள். அந்தக் கால் தரைக்குத் திரும்பியபோது நிற்கவில்லை. மடங்கியது. அவள் பக்கவாட்டில் சாய்ந்தாள்.

மடுவின் கரை முழுவதும் அந்த நேரத்தில் ஒவ்வொருவராக விழுந்துகொண்டிருந்தார்கள்.

கொன்றையின் வாயோரம் நுரை வந்தது. அவள் மூச்சு வாங்கினாள். குட்டியின் காலைக் கவ்விக்கொண்டிருந்தவனைப் பார்த்தாள். அவளுக்கு அப்போதுதான் எல்லாம் தெரிந்தது.

“ஐயா, இதை நேராகவே சொல்லியிருக்கலாமே” என்றாள்.

மடுவன் குட்டியின் காலை விட்டான்.

“நேராகத்தான் அம்மா சொன்னேன்” என்றான்.

அவள் அதைக் கேட்டாளோ இல்லையோ. கண் திறந்தபடி கிடந்தாள்.

பின்தங்கி வந்தவர்களும், வெயிலுக்கு ஒதுங்கி நிழலில் நின்றுவிட்டவர்களும் பிழைத்தார்கள். மடுவன் அவர்களைக் கூட்டிக்கொண்டு மேல்மடுவுக்கு ஏறினான். நொண்டிக்கொண்டே வந்த குட்டியை மூக்கால் தள்ளித் தள்ளி ஏற்றினான். அங்கே எல்லாரும் நல்ல தண்ணீரைக் குடித்தார்கள்.

மழைக்காலம் வந்து ஆறு ஓடத் தொடங்கியதும் காடு மருதமரத்தடியில் மறுபடி கூடியது. ஒரு பன்றி எழுந்து நின்றது. அதன் கூட்டத்தில் அது மட்டுமே மிச்சம். நீதானே குடிக்கச் சொன்னாய் என்று செவ்வாலனிடம் கேட்டது. கூட்டம் முணுமுணுத்தது. மடுவன் நிமிர்ந்து பார்த்தான். இன்றைக்காவது இந்தப் புரட்டு முடிந்துபோகும் என்று நினைத்தான்.

செவ்வாலன் கலங்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டான். அன்று தான் சொன்னது வாக்கின் முதல் பொருள் என்றான். அதற்கு உள்ளே இரண்டாவது பொருள் ஒன்று இருந்தது. தண்ணீர் என்பது தண்ணீரையே குறிக்கும் என்று யார் நினைத்திருக்க முடியும்? இத்தனை உயிர் போன பிறகுதான் நமக்கு அது விளங்குகிறது. அப்படியென்றால் ஐயாவின் சொல் எவ்வளவு ஆழம் என்று பாருங்கள் என்றான்.

கூட்டம் பெருமூச்சு விட்டது. பன்றி மெல்ல உட்கார்ந்தது. அதன் கண்ணில் நீர் நின்றது.

மடுவன் நடுவில் வந்து நின்றான். அதில் ஆழம் எதுவும் இல்லை என்றான். கொன்றையும் மற்றவர்களும் செத்ததற்கு நானும் இந்த அணிலும்தான் காரணம் என்றான். முதல் குட்டி செத்த அன்றே இதைச் சொல்லியிருக்க வேண்டும், சொல்லாமல் ஒளிந்துகொண்டேன் என்றான். ஒவ்வொரு சொல்லையும் நேராக, தெளிவாக, மெதுவாகச் சொன்னான்.

அவன் சொல்லி முடித்ததும் எல்லாரும் தலையைத் தாழ்த்தி வணங்கினார்கள். கூட்டத்தின் ஓரத்தில் இருந்த ஒரு மயில், இதற்கு என்ன பொருள் என்று மரத்தை நோக்கிக் கேட்டது.

மடுவன் அதற்கு மேல் அங்கே நிற்கவில்லை. ஆற்றில் இறங்கி, நீரோட்டத்தோடு போய்விட்டான். அவன் எங்கே போனான், யாரோடு பேசினான் என்று அந்தக் காட்டுக்குத் தெரியாது. கொன்றையின் குட்டி வளர்ந்து கொம்புள்ள பெரிய மானாயிற்று. மாலையில் மரத்தடிக்கு நொண்டிக்கொண்டு வந்து உட்கார்ந்து, மற்றவர்களோடு சேர்ந்து, “இந்தத் தண்ணீரைக் குடிக்காதீர்கள்” என்ற வாக்கைக் கண்ணை மூடிக்கொண்டு ஓதும். மடுவனாரின் வாக்குகளிலேயே மிகக் கடினமானது அதுதான் என்று செவ்வாலன் அதற்குச் சொல்லிக்கொடுத்திருந்தான்.

யாருக்கும் புரியாமல் பேசிப் பெருமை தேடிக்கொள்கிறவன், உயிரைக் காக்கும் சொல்லை எவ்வளவு தெளிவாகச் சொன்னாலும், அது யார் காதிலும் சொல்லாக விழாது.